கால்சியம் கூட்டியும் நிமிராத கால்கள்: ஒரு பிராய்லர் தொகுப்பில் மாங்கனீசு, துத்தநாகக் குறைபாடு

மூன்று வார வயதுப் பிராய்லர் குஞ்சுகள். கண் தெளிவாக இருக்கிறது, மூக்கில் ஒழுக்கு இல்லை, கழிச்சல் இல்லை. தீவனம் போட்டால் எல்லாமே ஆவலோடு திரும்பிப் பார்க்கின்றன. ஆனால் ஒரு பகுதிக் குஞ்சுகளால் எழுந்து வர முடியவில்லை. ஒரு கால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நீண்டு கிடக்க, மற்றொரு காலையும் இறக்கைகளையும் தரையில் ஊன்றித் தீவனத் தட்டை நோக்கி நகர்கின்றன. பாதி வழியிலேயே மற்றக் குஞ்சுகள் அவற்றை மிதித்துக்கொண்டு போய்விடுகின்றன. இப்படிக் கிடப்பவை நோயால் சாவதைவிடப் பட்டினியாலும் தாகத்தாலும் சாவதே அதிகம்.

என்னை அழைப்பதற்கு முன்பே பண்ணையாளர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருந்தார். கால் பலவீனம் என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முடிவு செய்து, தீவனத்தில் கல்தூளையும், கால்சியத்தோடு பாஸ்பரசும் தரும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் இரண்டு மடங்காக்கி, குடிநீரிலும் கால்சியம் திரவம் கலந்திருந்தார். அதன் பிறகு புதிதாகக் கால் விலகிய குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியதே தவிர குறையவில்லை. "சார், இதுக்கு மேல எவ்வளவு கால்சியம் குடுக்கறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. கால் வளைந்த கோழியைப் பார்த்தவுடன் கால்சியத்தைத் தேடும் பழக்கம் பண்ணைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. மருந்து விற்பவர்களும் அதையே கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் அந்தப் பழக்கம் குஞ்சுகளுக்கு நேரடியாகத் தீங்கு செய்தது. எப்படி என்பதை முழுதாக எழுதி வைப்பதற்காகவே இந்தக் குறிப்பு.

பண்ணையின் நிலை

கொட்டகை புதியது, கூளமும் புதியது. காற்றோட்டத்திலும் வெப்பத்திலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முந்தைய தொகுப்புகளுக்கு ஆலையிலிருந்து வரும் தயார் தீவனம் போட்டிருந்தார்கள். இந்த முறைதான் முதல் தடவையாகப் பண்ணையிலேயே அரைத்துக் கலக்கும் தீவனம். மக்காச்சோளம் 57 விழுக்காடு, சோயா புண்ணாக்கு 37, எண்ணெய் 2, கல்தூள் 1.5, டைகால்சியம் பாஸ்பேட் 1.5, உப்பு 0.3. மிச்சம் மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களும், விட்டமின் பிரிமிக்ஸ் என்ற முன்கலவைப் பொடியும். காகிதத்தில் பார்த்தால் நல்ல தீவனம். புரதத்துக்கும் எரிசக்திக்கும் அவர் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்.

குஞ்சுகளை அன்றாடம் பார்ப்பவர் பண்ணையாளரின் தாயார். அவர் ஒரு குஞ்சை எடுத்து இறக்கையை விரித்துக் காட்டினார். "கால மட்டும் பாக்காதீங்க தம்பி, இந்த றெக்கையப் பாருங்க, தேஞ்ச துடைப்பம் மாதிரி இருக்கு. போன தடவை குஞ்சுங்களுக்கு இப்படி இல்ல." உண்மைதான். இறகுத் தண்டின் இருபுறமும் ஒட்டி நிற்க வேண்டிய இழைகள் பிரிந்து, நுனி உடைந்து கிடந்தன. சில குஞ்சுகளின் பாதத் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. கால் பிரச்சினையோடு இறகும் தோலும் சேர்ந்து கெட்டிருப்பது சாதாரணச் செய்தி அல்ல. அந்த அம்மா அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மாங்கனீசோடு நின்றிருக்கவும் கூடும்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் திரிந்தன. மீந்த பிராய்லர் தீவனத்தைத்தான் அவையும் தின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கால் விலகவில்லை. இதை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது, அவை மெதுவாக வளரும் இனம். ஆனால் அவை நாள் முழுக்க மண்ணைக் கிளறுகின்றன, பூச்சி பொறுக்குகின்றன, பச்சை கொத்துகின்றன. கொட்டகைக் குஞ்சுக்குத் தட்டில் விழுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தபோது

காலின் நடுமூட்டு, அதாவது கணுமூட்டு, தட்டையாக அகன்று வீங்கியிருந்தது. தொட்டால் சூடு இல்லை, சீழ் கோத்த மெதுமெதுப்பும் இல்லை. மூட்டின் பின்பக்கத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினால், கெண்டைக்காலிலிருந்து இறங்கி வரும் தடித்த தசைநாண் தன் பள்ளத்தில் இல்லை. அது வழுக்கிப் பக்கவாட்டுக்குப் போயிருந்தது. விரலால் தள்ளி மீண்டும் பள்ளத்தில் உட்கார வைக்கலாம். விட்டவுடன் திரும்ப நழுவிவிடும். தசைநாண் பக்கவாட்டிலிருந்து இழுப்பதால், குஞ்சு எழ முயலும் ஒவ்வொரு முறையும் கால் இன்னும் முறுக்கிக்கொள்கிறது. பெரோசிஸ் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு கால்தான் விலகியிருந்தது.

தேற வழியில்லாத குஞ்சுகளில் சிலவற்றை வலியில்லாமல் முடித்து அறுத்துப் பார்த்தேன். கால் எலும்புகள் குட்டையாகவும் தடித்தும் இருந்தன. ஆனால் கெட்டியாக இருந்தன. வளைத்தால் ரப்பரைப் போல் மடங்கவில்லை, சத்தத்தோடு உடைந்தன. அலகும் உறுதியாக இருந்தது. விலா எலும்புகள் முதுகெலும்போடு சேருமிடத்தில் மணிமணியாகத் திரளவில்லை. கால்சியம், பாஸ்பரஸ், விட்டமின் டி3 இவற்றில் ஏதாவது குறைந்து வரும் ரிக்கெட்ஸ் நோயில் இதற்கு நேர்மாறாக அலகு வளையும், எலும்பு மடங்கும், விலாவில் மணி கோக்கும். இந்தக் கொட்டகையில் கால்சியம் போதாமை என்ற சந்தேகம், எலும்பு உடைந்த அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தாக வேண்டும். தொடையின் உள்ளே ஓடும் சயாட்டிக் நரம்பு இருபுறமும் ஒரே பருமனில், குறுக்குக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஆகவே நரம்பைத் தடிக்க வைக்கும் வைரஸ் நோயான மாரெக்ஸை ஒதுக்கினேன். அந்த நோய் இவ்வளவு சின்ன வயதில் காலைப் பிடிப்பதும் அரிது. விரல்கள் உள்நோக்கிச் சுருளவில்லை, அதனால் ரைபோஃப்ளேவின் (விட்டமின் பி2) குறைவும் இல்லை. மூட்டில் சீழோ கலங்கிய நீரோ இல்லாததால் ஸ்டாஃபிலோகாக்கஸ், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாக்கள் இரண்டும் விலகின. ரியோ வைரசால் வரும் மூட்டழற்சியில் தசைநாணும் அதன் உறையும் வீங்கி நீர் கோத்திருக்கும், சில நேரம் தசைநாண் அறுந்தும் போகும். இங்கே தசைநாண் பளபளப்பாக, முழுசாக இருந்தது. இடம்தான் மாறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனையை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தபோது, திபியல் டிஸ்காண்ட்ரோபிளாசியா என்ற எலும்பு வளர்ச்சிக் கோளாறில் தென்படும் வெள்ளைக் குருத்தெலும்புக் கட்டி இல்லை. மூளையழற்சி நோயில் வரும் தலை நடுக்கமும் இல்லை.

ஆக நோய்க்கிருமி எதுவும் இல்லை, எலும்பில் சுண்ணாம்புக் குறைவும் இல்லை. தீவனத்தைப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

தீவனப் பையும் ஒரு தாள் கணக்கும்

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதற்கு முன்னால், ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மக்காச்சோளத்தில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7 மி.கி. மாங்கனீசு இருக்கிறது. தீவனத் தானியங்களில் மிகக் குறைந்த அளவு இதுதான். சோயா புண்ணாக்கில் சுமார் 29 மி.கி. இவரது கலவைக்குக் கணக்குப் போட்டால் மக்காச்சோளத்திலிருந்து 4, சோயாவிலிருந்து 10.7. மொத்தம் ஒரு கிலோ தீவனத்தில் 15 மி.கி.கூட முழுதாக இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட கோழித் தீவனத் தேவைப் பட்டியலில் பிராய்லருக்கு 60 மி.கி. மாங்கனீசு வேண்டும். இன்றைய வேகமான இனங்களுக்கு இனப்பெருக்க நிறுவனங்கள் 120 மி.கி. வரை சேர்க்கச் சொல்கின்றன. தேவையில் கால்பங்கில் இந்தக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன.

துத்தநாகத்துக்கும் அதே கணக்கு. மக்காச்சோளத்தில் 18, சோயாவில் 40. கலவையில் 25 மி.கி. தேறுகிறது. 1994 பட்டியல் கேட்பது 40. இது மாங்கனீசு அளவுக்குப் பெரிய பள்ளமாகத் தெரியாது. ஆனால் தீவனத்தில் இருக்கும் துத்தநாகம் வேறு, குடலைத் தாண்டும் துத்தநாகம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாமிரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 10 மி.கி. வருகிறது, தேவை 8. சோயா அதைப் பார்த்துக்கொள்கிறது. இரும்பு தானியத்திலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் 70 மி.கி. வருகிறது. டைகால்சியம் பாஸ்பேட்டில் இயல்பாகவே இரும்பு நிறைய இருப்பதால் 80 என்ற தேவை தானாகவே நிரம்பிவிடும். ஆகவே இரத்தசோகையோ, தாமிரக் குறைவில் பெருந்தமனி வெடித்துச் சாவதோ இங்கே எதிர்பார்க்க வேண்டியதில்லை. பரிசோதனையிலும் அவை இல்லை.

செலினியம் 0.05 மி.கி.தான், தேவை 0.15. இது என்னைக் கவலைப்படுத்தியது. செலினியக் குறைவில் மார்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் நீலப்பச்சை நிறத்தில் நீர் கோக்கும். கணையம் சுருங்கும். இரண்டையும் தேடினேன், காணவில்லை. காரணம் விட்டமின் பிரிமிக்ஸில் இருந்த விட்டமின் ஈ. செல் சவ்வுகளை ஆக்சிஜன் சேதத்திலிருந்து காக்கும் வேலையில் செலினியமும் விட்டமின் ஈ-யும் ஒன்றின் சுமையை ஒன்று ஏற்றுக்கொள்ளும். 1957-இல் ஷ்வார்ஸும் ஃபோல்ட்ஸும் செலினியம் எலிகளின் கல்லீரலைக் காப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் கோழிக்குஞ்சில் நீர்கோப்பு நோயைச் செலினியம் தடுப்பதும் தெரிந்தது. அதுவரை அந்தத் தனிமம் வெறும் விஷமாகத்தான் அறியப்பட்டிருந்தது.

பெரோசிஸுக்கு மாங்கனீசு மட்டுமே காரணம் அல்ல. கோலின், பயோட்டின், ஃபோலிக் அமிலம், நியாசின் ஆகிய விட்டமின் வகைச் சத்துகளில் ஒன்று குறைந்தாலும் தசைநாண் நழுவும். பயோட்டினும் ஃபோலிக் அமிலமும் நியாசினும் பிரிமிக்ஸ் பையில் எழுதப்பட்டிருந்தன. கோலின் இல்லை, தனியாகவும் சேர்க்கவில்லை. ஆனால் சோயா புண்ணாக்கில் கோலின் வளமாக இருக்கிறது. இரண்டு பொருள்களிலிருந்தும் சேர்த்துக் கிலோவுக்கு 1,380 மி.கி. அளவுக்கு வருகிறது, தேவை 1,300. ஓரத்தில் நின்றாலும் கோலின் பள்ளத்தில் விழவில்லை. மாங்கனீசுதான் விழுந்திருந்தது.

"விட்டமின் பிரிமிக்ஸ்தான் போட்டாச்சே சார், அதுலயே எல்லாம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் பண்ணையாளர். பையைத் திருப்பிப் பின்புறத்தைப் படித்தோம். ஏ, டி3, ஈ, கே, பி வரிசை முழுக்க இருந்தது. மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், அயோடின், செலினியம் எதுவும் இல்லை. அது இருக்க வேண்டிய பையும் அல்ல. நுண்தாது பிரிமிக்ஸ் தனிப் பை. அதை வாங்கவே இல்லை. தீவன மாதிரியின் ஆய்வக முடிவு பின்னால் வந்தபோது தாளில் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது.

கால்சியம் ஏன் நிலைமையைக் கெடுத்தது

முதலில் இருந்த கலவையில் கால்சியம் 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. குஞ்சுப் பருவத்துக்கு அதுவே போதுமான அளவு. கல்தூளையும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் இரட்டிப்பாக்கியதும் கால்சியம் 1.9 விழுக்காட்டுக்கு மேல் போனது. ஃபைட்டேட் என்ற தாவரச் சேர்மத்தில் கட்டுப்படாத பாஸ்பரஸ் 0.42-இலிருந்து 0.69-க்கு ஏறியது. குடிநீரில் கலந்தது இந்தக் கணக்கில் சேரவில்லை.

கோழிக் குடல் மாங்கனீசை உறிஞ்சுவதில் இயல்பாகவே மிகவும் கஞ்சம். உள்ளே போவதில் சில விழுக்காடுதான் இரத்தத்துக்கு ஏறும். குடலில் கால்சியமும் பாஸ்பேட்டும் மிகுந்தால், மாங்கனீசு அவற்றோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்து எச்சத்தோடு வெளியேறிவிடும். இந்தக் கேட்டில் பெரும்பங்கு பாஸ்பரசுக்கே என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்கெனவே கால்பங்கு இருந்த மாங்கனீசில், பண்ணையாளரின் வைத்தியம் இன்னொரு பகுதியைப் பறித்துக்கொண்டது.

துத்தநாகத்துக்கு நேர்ந்தது கொஞ்சம் வேறு. தாவர விதைகளில் இருக்கும் பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஃபைட்டேட் வடிவத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. இந்த ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். கால்சியம் மிகுந்தால் மூன்றும் சேர்ந்து இன்னும் கரையாத கூட்டாகிவிடும். கோழிக்குஞ்சுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பது 1950-களின் இறுதியில் மிசௌரியில் ஓடெல்லும் அவர் குழுவினரும் செய்த சோதனைகளில் தெளிவானது. சோயாப் புரதத்தில் வளர்ந்த குஞ்சுகளிடம்தான் அந்தக் குறைவு வெளிப்பட்டது: வளர்ச்சி நின்றது, கால் எலும்பு குட்டையானது, கணுமூட்டு பருத்தது, இறகு உடைந்தது, பாதத் தோல் செதிலானது. அந்தக் கொட்டகைக் குஞ்சின் இறக்கையில் அந்த அம்மா கண்டது இதேதான்.

பெரோசிஸின் வரலாறும் ஏறத்தாழ இந்தப் பண்ணையில் நடந்த கதையே. 1920-களிலும் 1930-களிலும் கோழிகளை மண்தரையிலிருந்து கம்பி வலைத் தளத்துக்கும் கொட்டகைக்குள்ளும் மாற்றியபோது இந்தக் கால் நோய் பெருகியது. எலும்புத் தூளும் பாஸ்பேட்டும் கூட்டக் கூட்ட நோய் அதிகரித்ததைக் கண்டார்கள். ஆகவே அதிகக் கால்சியமும் பாஸ்பரஸுமே நேரடிக் காரணம் என்று எண்ணினார்கள். அரிசித் தவிடு சேர்த்தால் நோய் குறைந்தது, ஏன் என்று விளங்கவில்லை. 1936-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் மூவரும் தவிட்டிலிருந்த காப்பாளர் மாங்கனீசு என்று காட்டினார்கள். அரிசித் தவிட்டில் மாங்கனீசு மக்காச்சோளத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவிழ்ந்த புதிர், ஒரு பை வாங்கத் தவறியதால் இங்கே மறுபடி கட்டப்பட்டிருந்தது.

எலும்புக்குள் மாங்கனீசு என்ன செய்கிறது

நீள எலும்பு வளர்வது அதன் முனையில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டில். முதலில் குருத்தெலும்பு உருவாகி, பிறகுதான் அதில் கால்சியம் படிந்து எலும்பாகிறது. குருத்தெலும்பின் சாரப்பொருளில் முக்கியமானது காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட். சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து அதைக் கட்டும் நொதிகளுக்கு மாங்கனீசு தேவை. அது இல்லாவிட்டால் தட்டு வளரத் திணறும். எலும்பு நீளாது, முனை தடிக்கும், கணுமூட்டின் பள்ளம் ஆழமாக உருவாகாது. மேலே தசை மட்டும் பிராய்லருக்கே உரிய வேகத்தில் எடை போடுகிறது. ஆழமில்லாத பள்ளத்தில் தசைநாண் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்?

கால்சியத்தின் வேலை இதற்குப் பிந்தைய கட்டத்தில் வருகிறது. அதனால்தான் மாங்கனீசு குறைந்த எலும்பின் சாம்பல் அளவு இயல்பாகவே இருக்கும், ரிக்கெட்ஸ் எலும்பில்தான் சாம்பல் குறையும். ஆய்வகத்தில் எலும்புச் சாம்பல் மட்டும் பார்த்துவிட்டு "தாதுச் சத்து சரியாக இருக்கிறது" என்று எழுதித் தந்தால் ஏமாந்துவிடக் கூடாது. எலும்பில் உள்ள மாங்கனீசின் அளவைத் தனியாகக் கேட்க வேண்டும்.

என்ன செய்தோம்

கூடுதலாகப் போட்ட கல்தூள், டைகால்சியம் பாஸ்பேட், குடிநீர்க் கால்சியம் மூன்றையும் அன்றே நிறுத்தினோம். அரைத்து வைத்திருந்த தீவனத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலந்தோம். கால்சியம் மீண்டும் 1 விழுக்காடு. கூடவே, பிராய்லருக்கென்று அளவு எழுதப்பட்ட நுண்தாது பிரிமிக்ஸ்.

நேரடியாக மாங்கனீசு சல்ஃபேட் வாங்கிப் போடலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாங்கனீசுக்கும் துத்தநாகத்துக்கும் அது முடியும். கிலோவுக்கு 100 மி.கி. என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் மாங்கனீசு. ஒற்றை நீர்மூலக்கூறு கொண்ட மாங்கனீசு சல்ஃபேட்டில் 32 விழுக்காடு மாங்கனீசு இருப்பதால் 312 கிராம் உப்பு வேண்டும். அதே வகைத் துத்தநாக சல்ஃபேட்டில் 36 விழுக்காடு என்பதால் 278 கிராம். தராசில் நிறுக்கக்கூடிய அளவுகள். ஆனால் செலினியம்? ஒரு டன்னுக்கு 0.3 கிராம். சோடியம் செலினைட்டாக எடுத்தால் 0.66 கிராம். பண்ணைத் தராசு அதைக் காட்டவே காட்டாது. கொஞ்சம் கை தாராளமாகிக் கிலோவுக்கு 5 மி.கி. என்ற எல்லைக்குப் போனாலே அது நஞ்சு. நீர்த்து, நிறுத்து, கலந்து கொடுக்கப்பட்ட பிரிமிக்ஸைத் தவிர வேறு எந்த வழியிலும் செலினியத்தைத் தீவனத்தில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கலக்கும் முறையையும் மாற்றினோம். டன்னுக்கு ஒரு கிலோ மட்டுமே போகும் பொடியை நேராகக் குவியலின் மேல் தூவி மண்வெட்டியால் புரட்டினால், ஒரு மூலையில் குவியும், இன்னொரு மூலைக்கு எட்டாது. முதலில் பொடியை அதன் பத்து மடங்கு அரைத்த மக்காச்சோளத்தோடு கலந்து, அதை மீண்டும் பெருக்கிக் கலந்து, பிறகே முழுக் கலவையில் சேர்க்க வேண்டும். குஞ்சு ஒரு நாளில் தின்பது சில பிடித் தீவனம். அந்தப் பிடிக்குள் அத்தனையும் இருந்தாக வேண்டும்.

விட்டமின் பையையும் தாதுப் பையையும் முன்கூட்டியே ஒன்றாகக் கொட்டி வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சல்ஃபேட் வடிவத் தாமிரமும் இரும்பும் விட்டமின்களைச் சிதைக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும் கோலின் குளோரைடும் கூட இருந்தால் சிதைவு இன்னும் வேகம். கலக்கும் நாளில் சேர்த்தால் போதும்.

கனிமச் சேர்மத்துக்குப் பதில் அமினோ அமிலத்தோடு பிணைத்த நுண்தாது வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. அந்த வடிவங்கள் குடலில் ஃபைட்டேட்டின் பிடியிலிருந்து ஓரளவு தப்பும் என்பது உண்மை. குறைந்த அளவே போட்டு எச்சத்தில் துத்தநாகமும் தாமிரமும் சேர்வதைக் குறைக்க விரும்புபவர்களுக்கு அவை பயன்படும். ஆனால் 15 மி.கி. இருக்கும் இடத்தில் 60 வேண்டும் என்னும்போது, எந்த வடிவம் என்பது இரண்டாம் கேள்வி. சல்ஃபேட் நன்றாகவே வேலை செய்யும். ஆக்சைடு விலகி நிற்கட்டும், அதன் உறிஞ்சல் சல்ஃபேட்டைவிடக் குறைவு. ஃபைட்டேட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சேர்க்க முடிந்தவர்களுக்கு அதையும் பரிந்துரைப்பேன். பாஸ்பரஸோடு சேர்த்துப் பூட்டிய துத்தநாகத்திலும் ஒரு பகுதியை அது விடுவிக்கும். அந்த அளவுக்கு டைகால்சியம் பாஸ்பேட்டையும் குறைக்கலாம்.

தசைநாண் முழுதாக நழுவிய குஞ்சுகளை என்ன செய்வது என்பதுதான் கடினமான பேச்சு. மாங்கனீசு கொடுத்தால் அவை எழுந்துவிடும் என்று பண்ணையாளர் நம்பினார். எழாது. முறுக்கிய எலும்பும் ஆழமில்லாத பள்ளமும் திரும்ப உருமாறப் போவதில்லை. அவற்றைப் பிரித்துப் பட்டினியில் கிடக்க விடாமல் அன்றைக்கே முடித்துவிடுவதுதான் இரக்கம். மூட்டு பருத்திருந்தும் தசைநாண் இடத்திலேயே இருந்தவற்றைத் தனித் தடுப்பில் விட்டு, தீவனமும் தண்ணீரும் பக்கத்திலேயே தாழ வைத்தோம். அவற்றில் பெரும்பாலானவை எழுந்து நின்றன.

விளைவு

புதிய தீவனம் போட்ட பிறகும் சில நாள்கள் புதிதாகக் கால் விலகும் குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. இது எதிர்பார்த்ததே. குறைபாட்டில் உருவான மூட்டுகள் எடை ஏறும்போது தோற்றுப்போகும். அடுத்த வாரத்தில் புதிதாகக் கால் விலகுவது நின்றுபோனது. பாதத் தோல் முதலில் தெளிந்தது. புதிதாக முளைத்த இறகுகள் இழை ஒட்டி வழுவழுப்பாக வந்தன, உடைந்த பழைய இறகுகள் அப்படியே இருந்தன. ஒரே குஞ்சின் இறக்கையில் பழையதும் புதியதும் அருகருகே நின்றதைப் பார்த்தால், தீவனம் எந்த நாளில் மாறியது என்று எல்லைக்கோடு போட்டுவிடலாம் போலிருந்தது.

கால்சியத்தைக் குறைத்ததும் நுண்தாது சேர்த்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆகவே எதன் பங்கு எவ்வளவு என்று இந்தத் தொகுப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றிக் காத்திருந்து பார்ப்பது ஆராய்ச்சி நிலையத்துக்குச் சரி. கொட்டகையில் குஞ்சுகள் விழுந்துகொண்டிருக்கும்போது அப்படிக் காத்திருக்க முடியாது.

இதே பண்ணையில் முட்டையிடும் தாய்க்கோழிகள் இருந்திருந்தால் கதை வேறு முகத்தில் வெளிப்பட்டிருக்கும். மாங்கனீசு குறைந்த தாய்க்கோழி நலமாகவே நடமாடும். அதன் முட்டை ஓடு மெலியும், பொரிப்பு சரியும். அடைகாப்பின் கடைசி இரண்டு மூன்று நாள்களில் கருக்கள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் குட்டைக் கால், குட்டை இறக்கை, உருண்ட தலை, கிளியைப் போல் வளைந்த அலகு. 1937-இல் லயன்ஸும் இன்ஸ்கோவும் இதை மாங்கனீசுக் குறைபாடு என்று நிறுவினார்கள். பிழைத்துப் பொரிக்கும் சில குஞ்சுகள் தலையை முதுகுப் பக்கம் மடக்கி வானத்தைப் பார்த்தபடி நிற்கும். உடல் சமநிலையை உணர்த்தும் உட்காதுத் துகள்கள் சரியாக உருவாகாததே காரணம். பொரிப்பகத்தில் இந்த அடையாளங்களைக் கண்டால் பொரிப்பானின் வெப்பத்தைக் குறை சொல்வதற்கு முன் தாய்க்கோழிகளின் தீவனப் பையைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தொகுப்பை இதே மக்காச்சோளம், சோயாக் கலவையில், நுண்தாது பிரிமிக்ஸோடு வளர்த்தார்கள். நழுவிய தசைநாண் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான்காம் வாரத்தில் பண்ணையாளர் மறுபடி அழைத்தார், அங்கங்கே சில குஞ்சுகளுக்குக் கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது, பிரிமிக்ஸைக் கூட்டலாமா என்று. போய்ப் பார்த்தேன். தசைநாண் பள்ளத்திலேயே இருந்தது, எலும்பின் நீளம் இயல்பு, இறகு முழுசு, தோல் சுத்தம். வளைவு கணுமூட்டுக்கு மேலே எலும்பின் கீழ்முனையில்தான் இருந்தது. எடை வேகமாக ஏறும் பிராய்லரில் தீவனம் சரியாக இருந்தும் வரும் கோணல் அது. அதற்கு மாங்கனீசைக் கூட்டிப் பயனில்லை. முதல் இரண்டு வாரங்களில் இருட்டு நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, வளர்ச்சியின் வேகத்தைத் தணிக்கச் சொன்னேன். பிரிமிக்ஸ் பையில் எழுதியிருக்கும் அளவு அப்படியே தொடர்கிறது.